வியட்நாமில் இரவு பஸ் டிக்கெட் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஹுவே நகரத்தில் ஒரு டிக்கெட் கடைக்காரரின் பேச்சை நம்பி, 68 வயதான என் அம்மாவை நள்ளிரவு தாண்டிய நேரத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க வைத்துவிட்டேன். ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. கோபம் இன்னும் தணியவில்லை. திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு நேரடி விமானம் வந்த பிறகு நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வியட்நாம் போகிறார்கள். வயதானவர்களையும் கூட்டிப்போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் மனைவியும் அம்மாவும் போனோம். முதல் நான்கு நாட்கள் ஒரு குறையும் இல்லை. ஹோ சி மின் நகரத்தில் 2024 டிசம்பரில் திறந்த மெட்ரோவில் பென் தான் நிலையத்திலிருந்து கடைசி நிலையமான சுவோய் தியென் வரை சும்மா ஒரு சுற்றுப் போய்வந்தோம். சுமார் 20 கிலோமீட்டர், 14 நிலையங்கள். டிக்கெட் விலை இயந்திரத்தின் திரையிலேயே தெரிகிறது, பேரத்துக்கு இடமே இல்லை. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோவில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே போன நம்மவர்கள் எழுப்பியது. இன்று வியட்நாமியர்களே கை நிறைய ஊதுபத்தியோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். அம்மா அங்கிருந்து நகர மனமில்லாமல் நின்றார்.

பிறகு டா நாங் வரை விமானம், அங்கிருந்து ஹுவேக்கு ரயில். வியட்நாமில் ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால் இந்த ரயிலில் போங்கள். ஹனோயையும் சைகோனையும் (ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர்) இணைக்கும் 1,726 கிலோமீட்டர் பாதையில் இது நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஹாய் வான் கணவாயில் ரயில் மலையை ஒட்டி ஊர்ந்து போகும்போது கீழே கடல் கூடவே வருகிறது. 1936இல் முழுமையடைந்த பாதை, இன்றும் மீட்டர் கேஜ். "நம்ம பழைய ரயில் மாதிரியே ஆடுதுப்பா" என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நிலையக் கவுன்டரில் வாங்கிய டிக்கெட்டில் பெயர், பாஸ்போர்ட் எண், பெட்டி, இருக்கை எல்லாம் அச்சாகியிருந்தன.

ஹுவேயிலிருந்து நின் பின் போவதுதான் அடுத்த திட்டம். அதுவும் அதே ரயில் பாதையில் இருக்கிற ஊர்தான். நிலையத்துக்குப் போய்க் கேட்டிருக்க வேண்டும். வெயில் கடுமையாக இருந்தது, அம்மா களைத்திருந்தார். விடுதிக்கு எதிரிலேயே பஸ், ரயில், படகு டிக்கெட் என்று பலகை மாட்டிய கடை ஒன்று இருந்ததால் அங்கே நுழைந்தேன்.

கடைக்காரர் கணினியைத் தட்டிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, இன்று இரவு எல்லா ரயில்களும் நிரம்பிவிட்டன என்றார். திரையை நம் பக்கம் திருப்பவே இல்லை. பிறகு ஒரு படம் காட்டினார். 34 தடுப்பறைகள் கொண்ட சொகுசு பஸ், ஒவ்வொன்றுக்கும் திரைச்சீலை, நீட்டிப் படுக்கும் மெத்தை. அம்மாவுக்கு மூட்டு வலி, கீழ்ப்படுக்கைதான் வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றும் கீழ்ப்படுக்கை என்றார். காலை 6 மணிக்கு நீங்கள் தங்கப்போகும் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார்கள் என்றார். ஆளுக்கு 650,000 டாங். மூவருக்கும் சேர்த்து 1,950,000. ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங் என்று வைத்தால் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். பணமாகக் கொடுத்தேன். கையில் வந்தது ஒரு துண்டுச் சீட்டு: "ஹுவே – நின் பின், 3 பேர்" என்று பேனாவால் எழுதியது. பஸ் நிறுவனத்தின் பெயர் இல்லை, வண்டி எண் இல்லை, படுக்கை எண்ணும் இல்லை. அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தது என் தவறு.

மாலையில் ஒரு வேன் வந்து எங்களை ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டது. அங்கே வந்து நின்ற பஸ் படத்தில் பார்த்தது இல்லை. மூன்று வரிசை, இரண்டு அடுக்கு கொண்ட பழைய ஸ்லீப்பர் பஸ். அந்த வண்டிகளில் படுக்கை முழுதாகச் சாயாது. கால்களை முன்படுக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். நம் உயரத்துக்கு முழங்கால் இடிக்கும். ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அது அங்கே பொது வழக்கம், குறையாகச் சொல்லவில்லை.

எங்களுக்கு என்று மிச்சமிருந்தவை இரண்டு மேல்படுக்கைகள் மட்டும். மூன்றாவது எங்கே என்று கேட்டதற்கு நடத்துநர், இரண்டு வரிசைகளுக்கு நடுவே நடக்கிற வழியில் ஒரு மெல்லிய மெத்தையை விரித்தார். அம்மாவைப் பார்த்து அங்கே படுக்கச் சொல்லிக் கை காட்டினார். துண்டுச் சீட்டைக் காட்டினேன். அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதில் அவரைக் கட்டுப்படுத்தும் சொல் ஒன்றுகூட இல்லை.

அப்போது கீழ்ப்படுக்கையில் இருந்த ஒரு கல்லூரி மாணவர் தானாகவே எழுந்தார். கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, "பாட்டி என் இடத்தில் படுக்கட்டும்" என்று எழுதிக் காட்டினார். தன் பையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார். வழியில் சாப்பிட நிறுத்திய இடத்தில் அவருடைய டிக்கெட்டைக் காட்டினார். அச்சடித்த டிக்கெட். இதே பஸ், இதே இரவு, ஹனோய் வரைக்கும். விலை 350,000. எங்கள் இடம் அதற்கும் முன்னாலேயே வந்துவிடும். நாங்கள் கொடுத்ததைச் சொன்னதும் அந்தப் பையன் முகத்தில் வந்த சங்கடத்தை மறக்க முடியாது. தன் நாட்டுக்காரர் செய்ததற்கு அவர் தலை குனிந்தார். இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் வியட்நாமியர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று பேச வேண்டாம். அந்த இரவில் எங்களுக்கு இருந்த ஒரே ஆதரவு அவர்தான்.

நான் நடைவழி மெத்தையில் கிடந்தேன். கழிப்பறைக்கு எழுந்தவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

காலை 3.50க்குக் காலைத் தட்டி எழுப்பி "நின் பின், நின் பின்" என்றார் நடத்துநர். நாங்கள் பைகளைத் தேடுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. விடுதி வாசலும் இல்லை, பஸ் நிலையமும் இல்லை. நெடுஞ்சாலை, மூடிய கடைகள், தூரத்தில் ஒரு பெட்ரோல் நிலையம். ஹனோய் போகிற பஸ்கள் நின் பின் பயணிகளை இப்படித்தான் சாலையில் இறக்கிவிட்டுப் போகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஹுவே கடைக்காரருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

அந்த நேரத்திலும் ஒரு கார் அங்கே விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தது. நின் பின்னை ஒட்டிய தாம் கோக் என்ற இடத்தில் நாங்கள் தங்கும் வீட்டுக்கு எட்டு கிலோமீட்டர். 300,000 டாங் கேட்டார். செயலியில் வண்டி தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மா குளிரில் நின்றுகொண்டிருந்தார். ஏறினோம்.

இறங்கும்போது ஒரு 500,000 நோட்டைக் கொடுத்தேன். அவர் முன்பக்கம் குனிந்து சில்லறை தேடுவதுபோல் இருந்தார். பிறகு உள்விளக்கைப் போட்டு, கையிலிருந்த நோட்டைக் காட்டி, நீ கொடுத்தது இருபதாயிரம் என்றார். பார்த்தால் 20,000தான். இருட்டில் நான்தான் மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து அதை வாங்கிக்கொண்டு இன்னொரு 500,000 கொடுத்தேன். 200,000 திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார்.

விடிந்த பிறகு மனைவி கணக்கு நோட்டை எடுத்தார். முதல் நாள் ஏ.டி.எம்.மில் எடுத்தவை அத்தனையும் 500,000 தாள்கள். இருந்த சில்லறை முழுவதையும் இரவு உணவுக்குக் கொடுத்துவிட்டோம். எங்களிடம் 20,000 நோட்டே இல்லை. எட்டு கிலோமீட்டருக்கு நாங்கள் கொடுத்தது 780,000 டாங், ஏறக்குறைய 2,600 ரூபாய்.

இந்த நோட்டு விஷயத்தை ஊன்றிக் கவனியுங்கள். வியட்நாம் நோட்டுகள் எல்லாவற்றிலும் முன்பக்கம் ஹோ சி மின் படம்தான். 500,000, 20,000 இரண்டுமே நீல நிறம். அரைகுறை வெளிச்சத்தில் பிரித்தறிவது கடினம். பின்பக்கத்தைப் பாருங்கள். 20,000இல் ஹோய் ஆன் ஊரின் கூரை போட்ட பழைய பாலம் இருக்கும். 500,000இல் மரங்களுக்கு நடுவே ஹோ சி மின் பிறந்த ஊரின் வீடு இருக்கும். நீளத்திலும் 500,000 சற்றுப் பெரியது. பெரிய நோட்டுகளைத் தனியாக வையுங்கள். கொடுக்கும்போது தொகையை வாய்விட்டுச் சொல்லி, ஓட்டுநர் கண்ணெதிரே விரித்துக் கொடுங்கள். டாக்ஸி மீட்டரிலும் கடைசி மூன்று சுழியங்களைக் காட்டாமல் விடுவது உண்டு. 85.0 என்று இருந்தால் 85,000. அதை 850,000 என்று சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

தாம் கோக்கில் மதுரையைச் சேர்ந்த ஒரு தம்பதியைச் சந்தித்தோம். அவர்களும் ஹுவேயிலிருந்து அதே இரவுதான் வந்திருந்தார்கள், ரயிலில். அன்று மதியம் நிலையக் கவுன்டரில் டிக்கெட் வாங்கினார்களாம். நான்கு படுக்கை கொண்ட பெட்டி, இருவருக்கும் கீழ்ப்படுக்கை. அதைக் கேட்டபோதுதான் எனக்கு முழுக் கோபமும் வந்தது. ரயில் நிரம்பிவிட்டது என்ற அந்த முதல் வார்த்தையே பொய்.

நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளரான பெண்மணி எங்களுக்காக ஹுவே கடைக்குத் தொலைபேசியில் பேசினார். முதல் முறை, பஸ் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். எந்த நிறுவனம் என்று கேட்டதும் துண்டித்துவிட்டார்கள். நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் இல்லை. அங்கே காவல்துறைக்கு 113. ஆனால் வண்டி எண் இல்லை, பெயர் இல்லை, அச்சிட்ட ரசீது இல்லை. எதை வைத்துப் புகார் கொடுப்பது? ஆகவே இனிப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே நிறுவனத்தின் பெயர், படுக்கை எண், இறங்கும் இடத்தின் முகவரி மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். வண்டியில் ஏறுவதற்கு முன் அதன் எண் பலகையைப் படமெடுங்கள். ரயில் இருக்கிற ஊருக்கு ரயிலையே பாருங்கள், நிலையத்துக்கு நேரில் போய்.

தாம் கோக்கில் எல்லோரும் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை, நீங்களும் யோசியுங்கள். 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு அங்கே உரிமம் கட்டாயம். வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட சர்வதேச உரிமத்தை. நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் தருவது 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படியானது. 2025 ஜனவரி முதல் அபராதத் தொகைகளும் பல மடங்கு ஏறிவிட்டன. உரிமம் செல்லாத நிலையில் விபத்து நடந்தால் பயணக் காப்பீடு கைவிட்டுவிடும். பாஸ்போர்ட்டைப் பிணையாக வாங்கி வைத்துக்கொள்ளும் கடைகளும் இருக்கின்றன. எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள்.

நின் பின்னிலிருந்து ஹனோய்க்கு ரயிலில்தான் போனோம். கவுன்டரில் இருந்த பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பி, இருக்கையைக் காட்டி, விலையைக் கணிப்பானில் தட்டிக் காட்டினார். இரண்டு நிமிட வேலை.

அந்த 20,000 டாங் நோட்டை மாற்றாமல் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அடுத்த மாதம் சித்தப்பா குடும்பம் ஹனோய் போகிறது. நேற்று அவர் வீட்டுக்குப் போய் அதைக் கையில் கொடுத்தேன். பின்பக்கத்தைத் திருப்பி, "இந்தப் பாலம் தெரிந்தால் இது இருபதாயிரம், சித்தப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.