ரிக் பட்டறையின் பழைய ஆயிலை எடுத்துப்போகும் சேவை: ஐந்துக்கு மூன்றரை

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு சர்வீஸ் செய்யும் பட்டறை எங்களுடையது. வீட்டுக்காரர் இன்ஜின் பக்கம். கணக்கும் காகிதமும் என் பக்கம். ஒரு ரிக் உள்ளே வந்தால் இன்ஜின் ஆயில், கிரௌன் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், கம்ப்ரசர் ஆயில் என்று நான்கு விதமான கறுப்பு வடியும். முன்பெல்லாம் செங்கல் சூளைக்காரர்களும் சென்ட்ரிங் பலகைக்குப் பூசுகிறவர்களும் ரொக்கம் கொடுத்து அள்ளிக்கொண்டு போவார்கள். இப்போது அனுமதி பெற்ற ஒரு மறுசுத்திகரிப்பு நிறுவனத்தின் சேகரிப்பு வண்டிக்குக் கொடுக்கிறோம். குறைகளும் சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லது. வந்த ஆள் பேரல்களைப் பார்த்ததும், அவற்றின் மேல் நாங்கள் எழுதியிருந்த ‘வேஸ்ட் ஆயில்’ என்பதை அழிக்கச் சொன்னார். எரிச்சலாக இருந்தது. பிறகு 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளை எடுத்து மூன்றாம் விதியைப் படித்தேன். அவர் சொன்னது சரி. விதிகள் இரண்டு எண்ணெய்களைத் தனித்தனியே வரையறுக்கின்றன. பயன்படுத்திய எண்ணெய் என்பதில் இன்ஜின், கியர், ஹைட்ராலிக், டர்பைன், கம்ப்ரசர், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் என்று பெயர் பெயராக வருகிறது. எங்கள் பட்டறையைப் பார்த்தே எழுதினார்களோ என்று தோன்றும். அது மீண்டும் சுத்திகரிக்கத் தகுந்தது. கழிவு எண்ணெய் வேறு: கச்சா எண்ணெய்ச் சிந்தல், பெட்ரோலிய ஆலைகளிலும் கப்பல்களிலும் சேரும் தொட்டி அடிச் சகதி, அந்த வகையறா. குறித்த தரத்துக்குள் இருந்தால் உலை எரிபொருளாகலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்து, மீனவர்கள் வாளியில் அள்ளினார்களே, அது இந்த இரண்டாவது இனம். எங்கள் பேரல் அந்தப் பெயரில் போனால் ஆலையின் அனுமதிக் காகிதத்தோடு பொருந்தாது, வாசலிலேயே நிற்கும். இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததற்கும், பேரலில் ஒட்டவேண்டிய படிவம் 8 சீட்டுகளைக் கையோடு கொண்டுவந்ததற்கும் முழு மதிப்பெண்.

அவர் தண்ணீர் சோதிக்கும் முறையும் பிடித்திருந்தது. பேரலின் அடிவரை குழாயை விட்டு மாதிரி எடுத்து, சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுகிறார். படபடவென்று வெடித்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் கலந்த ஒரு பேரல் அப்படித்தான் பிடிபட்டது. விலையில் கழித்தார். சரி. ஆனால் “சட்டப்படிதான் கழிக்கிறோம் அக்கா” என்றாரே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாம் அட்டவணையின் முதல் பகுதியைப் பாருங்கள். பயன்படுத்திய எண்ணெயில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டக்கூடாது, ஆர்சனிக் 5, காட்மியமும் குரோமியமும் நிக்கலும் சேர்ந்து 500 என்று இருக்கிறது. தண்ணீருக்கு அதில் வரம்பு இல்லை. தண்ணீரைக் காய்ச்சி எடுக்க அவர்களுக்குச் செலவாகும், கழிக்கட்டும். வியாபாரத்தை வியாபாரம் என்று சொல்லிவிட்டுக் கழிக்கவேண்டும்.

பெரிய குறை நாள் கணக்கில். விதிப்படி இந்த எண்ணெயை 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. இவர்களோ குறைந்தது ஐந்து பேரல் சேர்ந்தால்தான் வண்டி அனுப்புவார்கள். ரிக் வண்டிகள் வடக்கே வேலைக்குப் போயிருக்கும் மாதங்களில் ஐந்து பேரலுக்கு நான் எங்கே போவது? கேட்டால், “சின்ன பட்டறைக்கு 180 நாள் உண்டு” என்கிறார் விற்பனைப் பிரிவுத் தம்பி. உண்டுதான், ஆண்டுக்குப் பத்து டன் வரை உண்டாக்குகிறவர்களுக்கு, அதுவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீட்டித்துக் கொடுத்தால். தானாக வருவதில்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரி முன்னால் நிற்கப்போவது தம்பி இல்லை, நான்.

அடுத்தது காகிதம். சரக்கோடு போகும் சீட்டான படிவம் 10 ஏழு பிரதி, ஏழு நிறம். வெள்ளை வாரியத்துக்கு, மஞ்சள் நமக்கு, மற்ற ஐந்தும் வண்டியோடு போகும். சரக்கு இறங்கியபின் ஆலை கையெழுத்திட்டு நீலப் பிரதியை நமக்குத் திருப்பி அனுப்பவேண்டும். எண்ணெய் உண்மையிலேயே ஆலைக்குப் போனது, வழியில் சூளைக்குத் திரும்பவில்லை என்பதற்கு என் கையில் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான். மூன்று முறை போன் செய்தால்தான் வருகிறது. ஜூன் 30க்குள் ஆண்டறிக்கை கொடுக்கவேண்டிய பட்டறைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

விளம்பரத்தில் ‘எல்லா அபாயகரக் கழிவும்’ என்று இருக்கிறது. நம்பவேண்டாம். எண்ணெய் மட்டும்தான். ஆயில் துடைத்த பஞ்சுக் கழிவு முதல் அட்டவணையில் தனி இனம். அதைத் தொடவே மாட்டார்கள். அதற்கு வேறு ஏற்பாடு தேடிக்கொள்ளுங்கள்.

விலை சூளைக்காரர் கொடுத்ததைவிடக் குறைவு. 2024 ஏப்ரல் 1 முதல் லூப்ரிகன்ட் தயாரிப்பாளர்கள் பழைய எண்ணெய்க்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்கு மறுசுத்திகரிப்பவர்களிடம் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்குகிறார்கள். ஆக, எங்கள் கறுப்பு எண்ணெயில் இவர்களுக்கு இரண்டு வருமானம். அதில் லிட்டருக்கு ஒரு ரூபாயாவது இந்தப் பக்கம் தள்ளலாம் என்று கேட்டுப் பார்த்தேன். சிரித்தார்.

மாதம் ஐந்து பேரல் சேரும் பட்டறையாக இருந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள். அதற்குக் குறைவென்றால் பக்கத்துப் பட்டறைக்கு வண்டி வரும் நாளைக் கேட்டு, அதே நாளில் உங்கள் பேரலையும் ஏற்றச் சொல்லுங்கள். ஆனால் படிவம் உங்கள் பெயரில் தனியாகவே எழுதப்படட்டும். நான் இப்போது நீலப் பிரதி கைக்கு வராமல் அடுத்த லோடுக்குத் தேதி கொடுப்பதில்லை. போன முறை நான்கே நாளில் வந்துவிட்டது.