ஓடையா, குழாயா, உறிஞ்சு குழியா, குளமா? குமரி மாவட்டத் தெருக்களுக்கு எது எங்கே எடுபடும்

குமரி மாவட்டத்தில் மழைக்காலம் இரண்டு. ஜூனில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்கும். அது ஓய்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். மண் மூன்று விதம். விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பக்கம் மேடும் பள்ளமுமான செம்மண். தோவாளை, நாகர்கோவில், சுசீந்திரம் வட்டாரத்தில் தண்ணீரை உள்ளே விடாத வயல் களி. கடலோரத்தில் மணல். ஒரே ஒப்பந்தப் படிவத்தை வைத்து இந்த மூன்றிலும் ஒரே மாதிரி 2 அடி கான்கிரீட் ஓடை கட்டினால் ஓரிடத்தில் ஓடும், ஓரிடத்தில் தேங்கும், ஓரிடத்தில் மணல் மூடிப்போகும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது தெருவை அல்ல, தண்ணீர் போய்ச் சேரும் இடத்தை. அது பழையாறாக இருக்கலாம், ஒரு சானலாக (பாசனக் கால்வாய்), குளமாக, பொழிமுகமாக (ஆறு கடலில் சேரும் வாய்) இருக்கலாம். வெயில் காலத்தில் போய்ப் பார்த்தால் எல்லாம் ஆழமாகத்தான் தெரியும். பார்க்க வேண்டியது பெருமழையின்போது அங்கே நிற்கும் மட்டம். பாலத் தூணிலும் படித்துறைச் சுவரிலும் படிந்திருக்கும் சேற்றுக் கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். கொத்தனார் கையிலிருக்கும் டியூப் மட்டமே போதும். உள்ளே தெரியும் 20 மீட்டர் பிளாஸ்டிக் டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, அந்தச் சேற்றுக் கோட்டிலிருந்து தெருவின் தாழ்ந்த முனை வரை மட்டத்தைக் கடத்திக்கொண்டே வர வேண்டும். இரண்டு பேருக்கு அரை நாள் வேலை. 100 மீட்டருக்கு 20 செ.மீ. இறக்கம், அதாவது 500-க்கு 1, கிடைத்தால் ஓடை தன்னால் ஓடும். சேற்றுக் கோடு தெருவை விட உயரத்தில் இருந்தால், எவ்வளவு அழகான ஓடையும் ஆற்றுத் தண்ணீரைத் தெருவுக்குள் கொண்டுவரும் பாதைதான். பழையாற்றங்கரையில் ஒழுகினசேரி போன்ற தாழ்ந்த பகுதிகளில் இந்த அளவைத் தவிர்த்துவிட்டு எதையும் முடிவு செய்யக் கூடாது. குழித்துறையிலும் அப்படித்தான். பேச்சிப்பாறை அணையின் உபரிநீர் கோதையாறு வழியாக வரும்போது, ஊரில் மழை விட்டிருந்தாலும் ஆற்று மட்டம் ஏறும்.

எவ்வளவு தண்ணீர் என்று முதலில் கணக்கு

ஒப்பிடுவதற்கு ஒரு தெருவை வைத்துக்கொள்வோம். சுற்றுப்புறக் கூரை, முற்றம், ரோடு எல்லாம் சேர்த்து 5 ஏக்கர், ஏறத்தாழ 2 ஹெக்டேர், இந்தத் தெருவுக்குள் வடிகிறது. மணிக்கு 75 மி.மீ. மழை, அதில் 70 சதவீதம் மண்ணுக்குள் போகாமல் ஓடிவருகிறது. விநாடிக்கு 290 லிட்டர். ஒரு மணி நேரத்துக்குப் பத்து லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த எண்ணோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

திறந்த ஓடைக்கு எதிரே மூடிய ஓடை

2 அடி அகலம், 2 அடி ஆழம், 500-க்கு 1 சரிவு. ஓடையில் 20 அங்குலம் தண்ணீர் ஓடினால் விநாடிக்கு 290 லிட்டர் போகும். நம் தெருவுக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் இது சுத்தமான ஓடைக்கான கணக்கு. அடியில் 8 அங்குலம் மண் படிந்தால் அதே ஓடை 125 லிட்டர்தான் கடத்தும். மூன்றில் ஒரு பங்கு உயரம் அடைபட்டால் பாதிக்கு மேல் திறன் போகிறது. எஞ்சிய இடத்தில் தண்ணீர் மெதுவாக நகரும், மெதுவாக நகரும் தண்ணீர் இன்னும் மண்ணைப் போடும்.

திறந்த ஓடைக்கும் மூடிய ஓடைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான். கொள்ளளவு இரண்டுக்கும் ஒன்றே. திறந்த ஓடையில் 8 அங்குல மண்ணைப் போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள். மண்வெட்டியோடு இரண்டு பேர் இறங்கினால் எடுத்துவிடலாம். மூடிய ஓடையில் அது ஸ்லாப்புக்கு அடியில் கிடக்கும், தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற பிறகுதான் தெரியவரும். திறந்த ஓடையின் குறையும் சிறியதல்ல. கொசு, நாற்றம், இருட்டில் தடுமாறி விழும் ஆபத்து, தேங்காய்க் கதம்பலும் வாழைச்சருகும் தென்னை மட்டையும் நேராக விழுவது. வெள்ளம் தெருவை மூடும்போது ரோடு எங்கே முடிகிறது, ஓடை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் குழந்தைகள் விழுந்துவிடக் கூடிய இடம் அது. பள்ளிக்கூடம், சந்தை, பஸ் நிற்கும் இடம் ஆகியவற்றை ஒட்டி மூடித்தான் ஆக வேண்டும்.

மூடுவதானால் முறையாக மூட வேண்டும். ஒவ்வொரு ஸ்லாப்பும் இரண்டு பேர் கம்பி போட்டுத் தூக்கும் அளவில், கொக்கியோடு இருக்க வேண்டும். நடப்பதற்கு 10 செ.மீ. தடிமன், வண்டி ஏறும் வாசலில் 15 செ.மீ., அதற்கேற்ற கம்பியோடு. வீட்டு வாசலில் ஓடையின் மேல் நிரந்தரமாகக் கான்கிரீட் ஊற்றி டைல்ஸ் பதிப்பதுதான் நம் ஊர்களில் பெரும்பாலான அடைப்புக்குக் காரணம். அந்த வாசல் நீளத்தில் யாராலும் கை வைக்க முடியாது. மண் அங்கேதான் முதலில் கட்டும்.

இன்னொரு பிழை தண்ணீர் இறங்கும் வாய். ரோட்டுத் தண்ணீர் மூடிய ஓடைக்குள் போக 5 முதல் 10 மீட்டருக்கு ஒரு கம்பி வலை வாய் வேண்டும், அதுவும் ரோட்டின் மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே. ஓடையின் தலையை ரோட்டை விட அரை அடி உயர்த்திக் கட்டிவிட்டால் மழைநீர் ரோட்டிலும், வீட்டுக் கழிவுநீர் ஓடையிலுமாகத் தனித்தனியே நிற்கும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ரோடு போட்டால் இதன் மறுபக்கம் நடக்கும். ரோடு உயரும், ஓடை வாய் சாலைக்கரை மண்ணில் புதையும், வீடு பள்ளமாகும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று அரசு உத்தரவே இருக்கிறது. வேலை தொடங்கும் நாளில் தெருக்காரர்கள் அதைக் கேட்டு நிற்பது அவர்கள் உரிமை.

எங்கள் தேர்வு: களிமண் பகுதியில் குடியிருப்புத் தெருவுக்குத் திறந்த ஓடை, கைப்பிடிச் சுவரோ வலையோ வைத்து. கடைத்தெரு, பள்ளிக்கூடம், பஸ் நிற்கும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும் தூக்கக்கூடிய ஸ்லாப்.

குழாய்

ரோட்டுக்கடியில் குறுக்கே போகும் இடத்துக்கு மட்டுமே குழாய் நல்லது. 24 அங்குல ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) அதே சரிவில் விநாடிக்கு ஏறத்தாழ 270 லிட்டர் கடத்தும், நம் ஓடைக்கு இணை. 12 அங்குலம் போட்டால் 43 லிட்டர்தான். விட்டம் பாதியானால் தண்ணீர் பாதியாவதில்லை, ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 2 அடி ஓடை கட்டி, அது ரோட்டைக் கடக்கும் கலுங்கில் (சிறுபாலத்தில்) மட்டும் 12 அங்குலக் குழாய் பதித்திருந்தால், ஓடை முழுவதற்கும் செலவழித்த பணம் அந்த ஒரு குழாயின் வாயில் நிற்கிறது என்று பொருள். தேங்கும் தெருவில் புதிய ஓடை கேட்பதற்கு முன் கலுங்கை அளந்து பாருங்கள். ரயில்வே கரை, நான்கு வழிச்சாலைக் கரை ஆகியவற்றுக்கு மேல் பக்கம் இருக்கும் குடியிருப்புகளுக்கு இது இன்னும் முக்கியம். கரை அணைபோல் நிற்கும். அதற்கடியில் இருக்கும் சிறுபாலத்தின் அளவுதான் அந்தப் பகுதியின் விதி.

உறிஞ்சு குழி

2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதனால் வெள்ளத்துக்கும் இதுவே மருந்து என்று பலர் நம்புகிறார்கள். மண்ணைப் பொறுத்துத்தான் அது உண்மை.

1,000 சதுர அடி மாடியில் மணிக்கு 50 மி.மீ. பெய்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர் இறங்கும். வழக்கமான குழி 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம். அதில் ஜல்லி நிரப்பியபின் மிஞ்சும் இடம் 600 லிட்டருக்கு மேல் இராது. பத்து நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். அதன்பின் குழி எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. மணலில் இதே குழி மணிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேலும் குடிக்கும். நல்ல களியில் மணிக்கு 35 லிட்டர், ஒரு குடம் இரண்டு குடம் கணக்கு. நிரப்பிய வயலில் வீடு கட்டியவர் குழி வெட்டினால் மேலே கொட்டிய செம்மண் முதலில் ஏமாற்றும். அடியில் பழைய களி வந்ததும் குழி தொட்டியாகிவிடும்.

சோதனை எளிது. ஓர் அடி அகலத்தில், குழியின் அடி எங்கே வருமோ அந்த ஆழம் வரை தோண்டி, தண்ணீர் ஊற்றி ஒரு முறை வற்ற விடுங்கள். மறுபடி ஊற்றி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குச்சி வைத்து அளங்கள். ஓர் அங்குலத்துக்குக் கீழே என்றால் அந்தப் பணத்தை வேறு வழியில் போடுங்கள். கடலோரத்தில் வேறொரு சிக்கல்: மழை உச்சத்தில் நிலத்தடி நீர் சில அடியிலேயே வந்து நிற்கும். குழியின் அடி அந்த மட்டத்துக்குக் குறைந்தது 1 மீட்டர் மேலே இருக்க வேண்டும். ஆழமாக வெட்டுவதை விட அகலமாக வெட்டுவதே அங்கே பயன்.

ஜல்லிக் குழியை விட, கிணற்றுக்கு இறக்குவதுபோல் சிமெண்ட் உறை இறக்குவது எங்களுக்குப் பிடித்தது. 3 அடி விட்டம், 10 அடி ஆழம் என்றால் 2,000 லிட்டர் நிற்கும். பக்கத் துளைகள் வழியே வடியும். மூடியைத் திறந்து தூர் வாரலாம். ஜல்லிக் குழியில் வண்டல் அடைத்தால் முழுவதையும் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும், யாரும் செய்வதில்லை. மாடித் தண்ணீரை மட்டும் விடுங்கள். ரோட்டுத் தண்ணீர் எண்ணெயும் சாக்கடையும் கலந்தது. செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்ற விதி வெள்ள நாளில்தான் தன் அருமையைக் காட்டும்.

மேற்கே செம்மண் மேட்டில் உறிஞ்சு குழியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மேட்டை வெட்டியபின் நிற்கும் மண் சுவருக்கு மேலே, அதன் விளிம்பை ஒட்டிக் குழி போடாதீர்கள். உள்ளே இறங்கிய தண்ணீர் சுவரைத் தள்ளிக்கொண்டு வரும். தடுப்புச் சுவர் கட்டினால் 1.5 மீட்டருக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய் விட்டு, பின்னால் ஜல்லி வையுங்கள். அங்கே ஓடையின் பிரச்சினை தேங்குவதல்ல, பாய்வது. 20-க்கு 1 சரிவில் தண்ணீர் விநாடிக்கு 3 மீட்டருக்கு மேல் ஓடி, ஓடை முடியும் இடத்தில் அடியைப் பறித்துவிடும். படிபோல் இறக்கி இறக்கிக் கட்டினால்தான் நிற்கும்.

குளம்

இந்த மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் குளங்கள். நம் தெருவின் ஒரு மணி நேர மழை பத்து லட்சம் லிட்டர் என்று பார்த்தோம். ஓர் ஏக்கர் குளத்தில் ஓர் அடி இடம் காலியாக இருந்தால் 12 லட்சம் லிட்டர் பிடிக்கும். முழு மழையும் அதற்குள் அடங்கிவிடும். ஓடை, குழாய், குழி எதுவும் இதன் அருகே வராது. குளத்தை நிரப்பி மனை போட்ட இடத்தில் பிறகு எத்தனை ஓடை கட்டினாலும் அந்தக் கொள்ளளவை வாங்க முடியாது. வயலும் அப்படித்தான்: 5 சென்ட் வயலில் 3 அடி மண் நிரப்பினால் 1 லட்சத்து 85 ஆயிரம் லிட்டர் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

ஆனால் குளம் வேலை செய்ய, மழைக்கு முன் அதில் அந்த ஓர் அடி இடம் இருக்க வேண்டும். இரண்டாம் போகமான கும்பப்பூ நெல்லுக்குக் குளம் நிறைய வேண்டும் என்பார் விவசாயி, காலியாக வேண்டும் என்பார் ஊரில் இருப்பவர். இரண்டுமே நியாயம். இதைத் தீர்ப்பது ஷட்டர். பலத்த மழை எச்சரிக்கை வந்த அன்று சானலிலிருந்து குளத்துக்கு வரும் மடையை அடைத்து, குளத்து உபரிநீர் வெளியேறும் மறுகால் பாதையைச் செடி கொடி அகற்றித் திறந்துவிட்டால் பெரும்பாலும் போதும். மழை கொட்டும் நாளில் அணைத் தண்ணீரும் குளத்துக்குள் வந்துகொண்டிருந்தால்தான் கரை தாங்காது. வீட்டுக் கழிவுநீர்க் குழாயைக் குளத்துக்கு வரும் ஓடையில் சேர்த்துவிட்டால் அது குளத்தில்தான் முடியும். ஆகாயத்தாமரை பெருகி, மறுகாலை அடைத்து, தண்ணீர் தெருவுக்கே திரும்பும்.

மோட்டாரும் வீட்டைத் தூக்குவதும்

5 எச்.பி. பம்ப் விநாடிக்கு 15 முதல் 20 லிட்டர் இறைக்கும். வரும் 290 லிட்டருக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. மழை விட்டபின் 200 மீட்டர் தெருவில் நிற்கும் ஓர் அடித் தண்ணீரை வெளியேற்ற ஏறத்தாழ 7 மணி நேரம் பிடிக்கும், அதுவும் குழாயின் முனை அதே ஓடையில் விடப்படாமல் இருந்தால். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவது அந்த ஒரு வீட்டைக் காக்கும். செப்டிக் லைனில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடாவிட்டால் அதையும் முழுதாகக் காக்காது, கழிவறை வழியே தண்ணீர் உள்ளே ஏறும்.

கடலோரம்

மணக்குடி, கடியபட்டணம், தேங்காப்பட்டணம் பக்கத்தில் பொழி திறந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இடவப்பாதி அலை மணலைக் குவித்து வாயை மூடும். ஆற்றுத் தண்ணீர் பின்னால் ஏறும். பொழி மூடியிருக்கையில் மேலே கட்டிய எந்த ஓடையும் பயன்படாது. கற்சுவருக்கு ஊடே கடலுக்குள் விடும் ஓடைக் குழாயில் மணல் அடைப்பதுதான் வழக்கம். அதன் வாயை வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் மடக்குக் கதவோடு, மணல் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். மற்றபடி வீடுகளுக்கு உறை இறக்குவதே இங்கே மலிவானது.

எப்போது வாருவது

சென்னைக் கணக்கில் செப்டம்பரில் ஒரு முறை வாரினால் குமரியில் ஜூன் மழைக்குத் தப்ப முடியாது. பாசனத் தண்ணீர் வழக்கமாக ஜூன் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை ஓடும். சானல் வறண்டிருக்கும் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் சானல், மறுகால், கலுங்கு ஆகிய பெரிய வேலைகளை முடிக்க வேண்டும். செப்டம்பர் கடைசி இரண்டு வாரத்தில் தெரு ஓடை மட்டும், இடவப்பாதி கொண்டுவந்து போட்ட மண்ணை எடுப்பதற்கு. எடுத்த மண்ணை ஓடைக்கரையில் குவித்து வைக்காமல் அன்றே வண்டியில் ஏற்ற வேண்டும். முதல் மழையில் அது மறுபடி உள்ளே இறங்கிவிடும்.