ஸ்னாப்டிராகனா, லூனார் லேக்கா? நான் ஏன் வேகக் கணக்கைப் பார்த்து வாங்கவில்லை

மைத்துனர் முதலில் வாங்கினார், குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப். இரண்டு மாதம் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு நான் வாங்கியது இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ஒன்று, லூனார் லேக் என்கிறார்களே, அது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இன்டெல் பக்கம்தான், ஆனால் அது வேகம் என்பதால் இல்லை.

எடை, திரை, கீபோர்டு பற்றிப் பேசிப் பயனில்லை, அதெல்லாம் லேப்டாப் செய்பவர் கையில். பேட்டரி எங்கள் இரண்டிலுமே ஒரு வேலை நாள் தாங்குகிறது. சார்ஜரைப் பிடுங்கினாலும் ஸ்னாப்டிராகனின் வேகம் பெரிதாக இறங்காது, இன்டெல் கொஞ்சம் சோம்பிவிடும், இதை மறுக்க முடியாது. சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளைக் கோர் என்பார்கள்; எல்லாக் கோர்களையும் ஒரே நேரத்தில் பிழிகிற வேலை என்றால் 12 கோர் எக்ஸ் எலைட் முன்னால் போய்விடும்; லூனார் லேக்கில் மொத்தமே 8, அதில் 4 சிக்கனக் கோர், ஒரு கோரே இரண்டு வேலையைச் சேர்த்துப் பார்க்கும் ஹைப்பர்திரெடிங்கும் கிடையாது. கேம் ஆடுபவர்கள் என் பேச்சைக் கணக்கில் எடுக்க வேண்டாம், நான் சாலிடேருக்கு மேல் போனதில்லை.

சரி, விளம்பர எண்களுக்கு வருவோம். 2023 அக்டோபரில் குவால்காம் எக்ஸ் எலைட்டை அறிமுகம் செய்தபோது ஓட்டிக் காட்டிய மாதிரி லேப்டாப்கள் இரண்டு, ஒன்று 80 வாட், இன்னொன்று 23 வாட். தேவைப்பட்டால் இரண்டு கோர்கள் 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை எகிறும் என்றார்கள். 2024 ஜூனில் கடைக்கு வந்தபோது பார்த்தால் எக்ஸ் எலைட் என்ற ஒரே பெயருக்குள் பல ரகம். உச்ச ரகம் 4.2 போகும், அடுத்தது 4.0, பல லேப்டாப்களில் வந்த 78-100 என்ற ரகத்துக்கு அந்த எகிறலே இல்லை, 3.4 தான். ஸ்டிக்கரில் எல்லாம் ஒன்றுதான். மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு, ஆப்பிளின் எம்3 சிப் போட்ட மேக்புக் ஏரை 58 சதவீதம் வரை முந்துகிறோம் என்று 2024 மேயில் சொன்னது. அது நீண்ட நேரம் எல்லாக் கோரையும் ஓட்டுகிற சோதனைக்கான கணக்கு. அந்த ஏரில் 8 கோர், விசிறியே கிடையாது, சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தோற்கும் என்று தெரிந்த பந்தயத்துக்கு ஆளைக் கூப்பிட்ட மாதிரி. இன்டெல்லும் இந்த வித்தையில் சளைத்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இவ்வளவையும் ஒதுக்கிவிட்டு, எண்கள் அத்தனையும் சரி என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சோதனை நிரல்கள் ஆர்முக்கென்றே தயார் செய்யப்பட்டவை. ஆர்ம் என்பது ஸ்னாப்டிராகனுக்குப் புரிகிற கட்டளை மொழி, இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்குப் புரிவது வேறு. நம் வீட்டு லேப்டாப்பில் ஓடுவதில் பல அப்படி இல்லை. இன்டெல், ஏஎம்டி சிப்புக்கு எழுதிய நிரலை விண்டோஸில் பிரிசம் என்ற ஒன்று போகிற போக்கில் மொழிபெயர்த்து ஓட்டுகிறது. நன்றாகவே ஓட்டுகிறது, 2017 இறுதியில் ஸ்னாப்டிராகன் 835 வைத்து அறிவித்த முதல் தலைமுறை ஆர்ம் விண்டோஸ் லேப்டாப்களைப் போல ஊர்வதில்லை. ஆரம்பத்தில் ஏவிஎக்ஸ்2 என்ற இன்டெல், ஏஎம்டி சிப்புகளின் கணக்குக் கட்டளைகள் பிரிசத்துக்குத் தெரியாமல் சில நிரல்கள் திறக்கவே மறுத்தன, பிறகு அப்டேட்டில் சேர்த்தார்கள்.

தலைவலி இதற்கும் கீழே, டிரைவரில், அதாவது பிரிண்டர் மாதிரி சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கிற நிரலில். பிரிசம் நிரல்களை மொழிபெயர்க்குமே தவிர டிரைவர்களைத் தொடாது. விண்டோஸின் அடித்தளத்தில் உட்கார வேண்டிய டிரைவர் ஆர்முக்கென்று எழுதப்பட்டிருந்தால்தான் உள்ளே போகும். அதேபோல, ஆர்முக்காக எழுதிய பிரவுசர் இன்டெல்லுக்காக எழுதிய டிஎல்எல்லை, அதாவது நிரல்கள் துணைக்குச் சேர்த்துக்கொள்ளும் கோப்பை, ஏற்றிக்கொள்ளாது. மைத்துனர் சின்னதாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறார், ஜிஎஸ்டி தாக்கலுக்கு டிஎஸ்சி டோக்கன் வேண்டும், டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் இருக்கிற யுஎஸ்பி குச்சி அது. செருகினார், டோக்கனில் விளக்கு எரிந்தது, ஆனால் கையொப்பம் போடும் நிரலில் சான்றிதழைக் காணோம். அந்த டோக்கனைச் செய்தவர்கள் ஆர்ம் டிரைவர் போடவில்லை என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. எட்டு வருடப் பழைய பிரிண்டரும் அதே கதி. வேகச் சோதனையில் எத்தனை மதிப்பெண் எடுக்கிற சிப்பாக இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிடம்கூடக் குறைந்திருக்காது.

ஆப்பிளுக்கு மட்டும் எப்படி நடந்தது என்று கேட்பார்கள். 2020இல் ஆப்பிளின் முதல் ஆர்ம் மேக் சிப்பான எம்1 வந்தபோது, பிரிசம் மாதிரியே மொழிபெயர்க்கும் ரொசெட்டா 2 இருந்தது, இன்டெல் நிரல்களை வேகமாக ஓட்ட சிப்பிலேயே தனி ஏற்பாடும் இருந்தது. அதைவிட முக்கியம், இனி இன்டெல் மேக் வராது என்று ஆப்பிள் கதவைச் சாத்திவிட்டது, எனவே மென்பொருள் எழுதுபவர்களும் சாதனம் விற்பவர்களும் மாறியே ஆக வேண்டியிருந்தது. விண்டோஸில் யாருக்கும் அந்த நெருக்கடி இல்லை. பெரும்பாலான லேப்டாப்கள் இன்னும் இன்டெல், ஏஎம்டிதான் என்னும்போது பழைய பிரிண்டருக்குப் புது டிரைவர் எழுத எவன் உட்காருவான்?

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்பவன். என் மேசையில் மூன்று டோக்கன், ஒரு ஸ்கேனர், இரண்டு பிரிண்டர். வாங்கும் முன் ஒரு தாளில் எல்லாவற்றின் மாடல் எண்ணையும் எழுதி, ஒவ்வொரு கம்பெனியின் தளத்திலும் ஆர்ம்64 டிரைவர் இருக்கிறதா என்று தேடினேன். ஆறில் இரண்டுக்குத்தான் கிடைத்தது. அத்தோடு முடிவு எடுத்துவிட்டேன், வேகச் சோதனை (பெஞ்ச்மார்க்) வீடியோ ஒன்றைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. பிரவுசர், ஆஃபீஸ், வீடியோ கால், இதோடு முடிகிற வேலை என்றால் ஸ்னாப்டிராகனைத் தாராளமாக வாங்கலாம், அதில் எல்லாமே ஆர்முக்கு வந்தாயிற்று. லூனார் லேக்கில் எனக்கு இருக்கிற குறை ரேம். சிப்போடு சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள், 16 அல்லது 32, பிறகு ஏற்ற வழியில்லை. நான் 32 எடுத்தேன், கொஞ்சம் வலித்தது.

மைத்துனர் அவருடையதை விற்பதாக இல்லை. ரயிலில் போகும்போது அதைப்போல ஒன்று கிடையாது என்கிறார், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஜிஎஸ்டி கடைசித் தேதியில் மட்டும் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.