18 கேஜ் ஆணியா, 16 கேஜ் ஆணியா?

காவிரிப் படுகையில் வீட்டின் உள்வேலைக்கு நெயில் கன் (காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் கருவி) வாங்க எண்ணும் தச்சர்கள் பலர் இக்கேள்வியில் தயங்குகிறார்கள். கேஜ் என்பது ஆணியின் தடிமனைக் குறிக்கும் எண்; அது கூடக்கூட ஆணி மெலியும். ஒரு கேஜுக்கான கன்னில் மற்றது பொருந்தாது.

தடிமன்: 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மி.மீ.; 16 கேஜ் ஏறத்தாழ 1.6 மி.மீ.

தடம்: முன்னதன் துளை எளிதில் கண்ணில் படாது, பின்னதற்குப் பட்டி (துளையை அடைக்கும் பசை) வைத்துத் தேய்க்க வேண்டும்.

பிடிமானம்: மெல்லிய பீடிங்கை (விளிம்பில் ஒட்டும் அழகுப் பட்டையை) 18 கேஜ் பிளக்காமல் பிடிக்கும், ஆனால் கதவு நிலையை ஒட்டி அடிக்கும் கனத்த மரச்சட்டம், ஐப்பசி மழையில் ஈரம் ஏறி உப்பிக் கோடையில் சுருங்கும்போது உண்டாகும் இழுப்பைத் தாங்க 16 கேஜே தகும்.

இரண்டிலும், ஆணியின் நீளம் சட்டத்தின் தடிமனைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருப்பது நல்லது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று சாதாரண ஆணியை விரைவில் துருவேற்றி மரத்தில் கறை படியவைப்பதால், விலை கூடினாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியையே வாங்குங்கள்.

அலமாரி, பீடிங் வேலையே மிகுதியெனில் 18 கேஜ். கதவு நிலைச் சட்டமும் தரையோரப் பலகையும் மிகுதியெனில் 16 கேஜ். எதுவாயினும், சிக்கிய ஆணியை எடுக்குமுன் காற்றுக்குழாயைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள்.