புது மீன் தொட்டியில் வெள்ளைக் கலங்கல்: வேலூர் போர் தண்ணீரில் ஒன்றரை வருட அனுபவம்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் மூன்றடித் தொட்டி, ஏறக்குறைய 150 லிட்டர், இரண்டு கோடைகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் முழுக்க போர் தண்ணீர்தான். புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் முதல் வாரத்திலேயே மனம் உடைந்துபோவது இந்தக் கலங்கலால்தான் என்பதால் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எந்தக் கலங்கல் என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றிய அன்றே மங்கலாக இருந்தால் அது கழுவாத மணலின் தூசி. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள், அடியில் படிந்துவிடும். பச்சையாக இருந்தால் பாசி. வெயில் படும் ஜன்னலிலிருந்து தொட்டியை நகர்த்தி, விளக்கு நேரத்தையும் குறைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் தெளிவாக இருந்துவிட்டு, பிறகு நீர்மோர் கலந்த மாதிரி வெளுத்து, டம்ளரில் வைத்தாலும் படியாமல் நின்றால் அது பாக்டீரியா.

மீன் கழிவிலிருந்து வரும் நச்சு அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவைப் புதுத் தொட்டியில் வளர்த்தெடுப்பதைத்தான் சைக்கிளிங் என்கிறோம். இந்த பாக்டீரியா நாம் அப்படி வளர்க்க நினைக்கும் இனமே இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மிச்சத் தீனி, அழுகும் இலை, புது மரக்கட்டை இவற்றிலிருந்து கரையும் சத்தைத் தின்று தண்ணீரில் மிதந்தபடி பெருகுபவை இவை. வசதியான சூழலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை வேறு. அவை ஃபில்டர் ஸ்பாஞ்ச், கல், கண்ணாடி என ஒட்டி வளர்பவை, இரட்டிப்பாக அரை நாளுக்கு மேல் எடுப்பவை. அதனால் கலங்கல் தெளிந்தாலே சைக்கிள் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எனக்குத் தண்ணீர் தெளிந்த பிறகும் சோதனைக் குழாயில் நைட்ரைட் ஊதா நிறத்தில்தான் நின்றது. அது பூஜ்ஜியத்துக்கு வர ஒரு மாதத்துக்கு மேலானது.

மீன் இல்லாமல் சைக்கிள் செய்ததால் பதற்றமின்றிக் காத்திருக்க முடிந்தது. மீன் இல்லாதபோது அந்த பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியாவை நாம்தான் தர வேண்டும். அதற்குப் பலர் இறாலைப் போட்டு அழுகவிடுகிறார்கள். நாற்றம் ஒருபக்கம், அதிலிருந்து கரையும் சத்தே கலங்கலைக் கூட்டும் என்பது இன்னொரு பக்கம். நான் பயன்படுத்தியது அம்மோனியம் குளோரைடு, அதாவது நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நவச்சாரம். ஆனால் கடைக் கட்டியில் வேறு என்ன கலந்திருக்குமோ என்பதால் ஆய்வகத் தரப் பொடியாக வாங்கினேன். 150 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் அம்மோனியா சுமார் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும். அப்படியும் எனக்குக் கலங்கியதற்குக் காரணம் மரக்கட்டையும், புது இடத்தில் வாடி உதிர்ந்த செடி இலைகளும்தான்.

"தண்ணிய மொத்தமா கொட்டிட்டு புதுசா ஊத்துங்க சார்" என்பது கடைகளில் வழக்கமாகக் கேட்கும் யோசனை. காட்பாடியில் பல வருடமாகக் கப்பி மீன் வளர்க்கும் அண்ணன் ஒருவர், "கை வைக்காதப்பா, அழுகுன இலைய மட்டும் எடு, காத்து நல்லா விடு" என்றார். அவர் சொன்னதே சரி. மொத்தமாக மாற்றினால் கரைந்த சத்து இருக்கும்வரை மறுபடி கலங்கும். தெளியவைக்கும் திரவங்கள் மிதப்பதைத் திரட்டிக் கொடுக்குமே தவிர மூல காரணத்தைத் தொடாது. மீன் இருக்கும் தொட்டி என்றால் மட்டும் அம்மோனியாவைச் சோதித்துப் பார்த்து, கால் பங்கு அளவில் மாற்றுங்கள்.

காற்று விடுவது நம் ஊரில் மிக முக்கியம். மிதக்கும் பாக்டீரியா ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கும். 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது தொட்டியும் சேர்ந்து சூடேறும். கரண்ட் போனாலும் ஓடும் பேட்டரி ஏர் பம்ப்தான் நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள்.

நம் உப்புத் தண்ணீரைக் குறைசொல்லி, ஆர்.ஓ. முறையில் உப்பு நீக்கிய கேன் தண்ணீர் வாங்கி ஊற்றுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும்போது சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது பிஎச் சரியாமல் தாங்கிப் பிடிக்கும் உப்பு செலவாகும். ஆர்.ஓ. தண்ணீரில் அது இல்லாததால் பிஎச் சரிந்து, 6ஐ நெருங்கும்போது சைக்கிள் ஏறக்குறைய நின்றேபோகும். எங்கள் போர் தண்ணீரில் அந்தக் கவலையே வரவில்லை. ஆனால் அதே காரத்துக்கு ஒரு விலை உண்டு: பிஎச் 7லிருந்து 8க்குப் போனால் அம்மோனியாவின் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். அதனால்தான் சைக்கிள் முடியும்வரை மீன் விடவேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். காவிரி கூட்டுக் குடிநீர் பிடிப்பவர்கள் குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்க்கத் தவறாதீர்கள்.

இப்போது மோலியும் கப்பியும் இருக்கின்றன. இரண்டுக்கும் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறது. ஸ்பாஞ்சை எப்போதும் தொட்டித் தண்ணீர் பிடித்த வாளியில்தான் அலசுகிறேன், குழாயடியில் இல்லை. கலங்கல் திரும்ப வரவில்லை. ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் புதிதாகத் தொடங்குபவர்கள், நோயில்லாத பழைய தொட்டி யாரிடமாவது இருந்தால் அவர்கள் ஸ்பாஞ்ச் பிழிந்த அழுக்குத் தண்ணீரைக் கேட்டு வாங்கி, உங்கள் ஃபில்டர் மேல் ஊற்றுங்கள். காத்திருக்கும் நாட்கள் நன்றாகவே குறையும்.