காசு கொடுத்துப் பூசிய படை: நாலு வருஷ அனுபவம்

என் வீட்டு அலமாரியில் மஞ்சள் கவசம் போட்ட நாற்பத்தெட்டு பொம்மைப் போர்வீரர்களும் இரண்டு கவச வண்டிகளும் நிற்கின்றன. தோளில் கைமுட்டிச் சின்னம், முழங்காலில் உராய்ந்த தழும்பு, காலடியில் இடிந்த செங்கல். இதில் ஒருத்தருக்குக்கூட நான் வண்ணம் பூசவில்லை. காசு கொடுத்தேன், பெங்களூர் அல்சூரில் ஒரு தம்பி பூசிக் கொடுத்தார்.

இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. ஒரு தடவை சொல்லாமல் விட்டு மானம் போனது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

தெரியாதவர்களுக்காக: வார்ஹாமர் 40,000 என்பது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1987இல் கொண்டுவந்த மேசைப் போர் விளையாட்டு. சிப்பாய்கள் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் துண்டு துண்டாக வருவார்கள். வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி நாமே படை திரட்டவேண்டும். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு புள்ளி மதிப்பு உண்டு, வழக்கமான பெரிய ஆட்டம் மொத்தம் 2,000 புள்ளிக்கு. என் படைக்கு அது ஐம்பது உருப்படி. பெட்டி விலையைப் பற்றிப் பேசவேண்டாம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நானே பூசிப் பார்த்தேன். ஒரு வருஷத்தில் ஐந்து பேர். மஞ்சள்தான் இந்தத் தொழிலிலேயே அடங்காத நிறம், கீழே இருப்பதை மூடவே மூடாது. ஐந்து கோட் அடித்தும் திட்டுத் திட்டாக நின்றது. மஞ்சள் பூசத் தெரியாதவன் இம்பீரியல் ஃபிஸ்ட்ஸ் என்ற மஞ்சள் கவசப் படையை எடுத்தது என் தலையெழுத்து.

அதனால் ஆள் தேடினேன். இதற்குக் 'கமிஷன்' என்று பெயர். சேலத்திலிருந்து வந்திருந்த அம்மாவிடம் "கமிஷன்ல கொடுத்திருக்கேன்" என்றதும், "யாரு, வீட்டு புரோக்கருக்கா?" என்று கேட்டார். விளக்கியபோது இன்னும் மோசமானது. "பொம்மைக்குப் பெயின்ட் அடிக்க ஆளா?"

முதலில் பிடித்த ஆளின் பெயர் வேண்டாம், தப்பு பாதி என்னுடையது. ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மஞ்சள், நல்லா பண்ணுங்க" என்றேன். நல்லா என்றால் என்ன, எந்தத் தரம், எப்போது கிடைக்கும், எதுவும் பேசவில்லை. கேட்ட விலையில் கால்வாசியைக் குறைத்துவிட்டு, மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து இருபது பேர் வந்தார்கள், எலுமிச்சை நிறத்தில். பெயின்ட் அவ்வளவு தடிப்பு. தலைக்கவசத்தின் மூச்சுக்குழாய்க் கோடுகள் எல்லாம் தோசைமாவு ஊற்றிய மாதிரி மூடிப்போயிருந்தன.

அந்த இருபது பேரையும் டெட்டாலில் ஊறப்போட்டேன். விளையாட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்த வழிதான் இது: அக்ரிலிக் பெயின்ட்டை டெட்டால் கழற்றிவிடும், பிளாஸ்டிக்கைத் தொடாது. ஒரு நாள் ஊறியபின் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்கவேண்டும். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. தேய்த்து முடியும்வரை தண்ணீர் படவே கூடாது. அலசுவதும் டெட்டாலிலேயே. தண்ணீர் பட்டால் கழன்ற பெயின்ட் பிசினாகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு பேரைக் குழாயில் காட்டி இதைக் கற்றுக்கொண்டேன். வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை. "யாருக்கு ஆபரேஷன்?" என்று கேட்டுக்கொண்டே மனைவி எல்லா ஜன்னலையும் திறந்தார்.

அல்சூர் தம்பி கிடைத்தது 2022இல். அம்மா வழியில் கொலு பொம்மைகளுக்குப் புது வண்ணம் பூசும் குடும்பம். நவராத்திரிக்கு முந்தைய மாதம் முழுக்க அந்த வேலைதான், சிப்பாய்களுக்கு இடமில்லை. மழைக்காலத்தில் வார்னிஷும் அடிக்கமாட்டார். காற்றில் ஈரம் இருந்தால் ஸ்பிரே வார்னிஷ் பனி படர்ந்த மாதிரி வெளுத்துவிடும். பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை எப்போது காயும் என்று யாருக்குத் தெரியும்? ஆக வருஷத்தில் பாதி நாள் கைக்கு வராது. முதல் வருஷம் வாரத்துக்கு ஒரு தடவை "எப்போ தம்பி?" என்று மெசேஜ் போட்டேன். ஒரு நாள் பதிலாக ஒரு படம் வந்தது: மூக்கு உடைந்த தசாவதார செட், பின்னால் வரிசையில் இன்னும் முப்பது பொம்மைகள். அதோடு கேட்பதை விட்டேன்.

விலையை இங்கே எழுதினால் அவருக்குத்தான் தொல்லை என்று நினைத்தேன். "போடுங்கண்ணா, பேரம் பேசுறவன் வராம இருப்பான்" என்றார். சிப்பாய் ஒருத்தருக்கு 450, தளபதிக்கு 1,500, வண்டிக்கு 2,800. நாற்பத்தைந்து சிப்பாய், மூன்று தளபதி, இரண்டு வண்டி சேர்த்து 30,350 ரூபாய். பாதி முன்பணம், மீதி கையில் வாங்கும்போது. ஒரு சிப்பாய்க்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதாவது மணிக்கு 300. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலை ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு ஆளை மாதிரிக்குப் பூசிக் காட்டுவார். அதற்கும் 450 உண்டு. "சும்மா ஒண்ணு பூசிக் காட்டுங்க, பிடிச்சா மிச்சத்தைத் தர்றேன்" என்று கேட்பவர்களை அவர் திரும்பக் கூப்பிடுவதே இல்லை. அந்த மாதிரியைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஃபோன் திரையில் பார்த்து மஞ்சளை முடிவு செய்தால் எலுமிச்சைதான் கிடைக்கும்.

ஒட்டும் வேலை என்னுடையது. முதல் தவணை கொடுத்த அன்றே ஐந்து பேரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். "அண்ணா, இதைத் தொட்டுப் பாருங்க." தலைக்கவச உச்சியில் மயிரிழை மாதிரி ஒரு மேடு. அச்சின் இரண்டு பாதி சேரும் இடத்தில் வரும் கோடு அது, மோல்ட் லைன். சாம்பல் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாது. ப்ரைமர் என்ற அடிப்பூச்சு பட்டதும் பளிச்சென்று நிற்கும், பூசியவர்தான் கெட்ட பெயர் வாங்குவார். கத்தியின் மழுங்கின பக்கத்தால் சுரண்டி எடுத்துத் தருவது காசு கொடுப்பவரின் கடமை. முடியாவிட்டால் அதற்கும் சேர்த்துக் கூலி.

பாதி வேலையில் நான் செய்த அட்டூழியத்தையும் சொல்லவேண்டும். தோள்பட்டை ஓரத்து நிறம், சிப்பாய் படையின் எந்தப் பிரிவு, அதாவது எந்தக் கம்பெனி என்று காட்டும். கறுப்பு ஐந்தாவது, சிவப்பு மூன்றாவது. கறுப்பு என்று சொல்லி, இருபது பேர் முடிந்தபின் சிவப்பு வேண்டும் என்றேன். ஆளுக்கு இரண்டு தோள், மொத்தம் நாற்பது ஓரம். கறுப்புமேல் சிவப்பு நேரடியாக ஏறாது, நடுவில் ஒரு பழுப்புக் கோட் போடவேண்டும். அவர் முகம் சுளிக்கவில்லை, ஆனால் வழக்கமாக வரும் டீ அன்று வரவில்லை. 2,000 ரூபாய் கூடுதலாக அனுப்பினேன். 500ஐத் திருப்பி அனுப்பிவிட்டு "அடுத்த தடவை முன்னாடியே யோசிச்சுக்குங்க" என்றார்.

இனி அந்த மானம் போன கதை.

இந்திரா நகரில் ஒரு கஃபேயின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பக்கத்து மேசையிலிருந்து பத்து வயசுப் பையன் ஒருத்தன் வந்து, என் தளபதியின் முகத்துக்கு நேராகக் குனிந்து வெகுநேரம் பார்த்தான். தளபதிக்குத் தலைக்கவசம் கிடையாது, வெறும் முகம். அரிசி அளவு முகத்தில் இரண்டு விழி, விழிக்குள் கருமணி, புருவத்துக்கு மேல் ஒரு தையல் தழும்பு. "அங்கிள், நீங்களா பண்ணீங்க?" நான் சிரித்துக்கொண்டே "ம்" என்றேன். பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. அவன் அப்பாவைக் கூட்டிவந்து காட்டினான். அப்பா கை கொடுத்தார். நானும் கை நீட்டினேன்.

எதிரே விளையாடியவருக்கு அல்சூர் தம்பியைத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பகடையை உருட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் கழித்துத் தம்பியிடமிருந்து மெசேஜ்: "அண்ணா, ஞாயித்துக்கிழமை யாராச்சும் நல்லா இருக்குன்னு சொன்னாங்களா?" அவருக்கு விஷயம் தெரிந்து கேட்டாரா, சும்மா கேட்டாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அல்சூர் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். "கண்ணு வைக்க மட்டும் ஒரு காலைப்பொழுது ஆச்சுண்ணா" என்றார். குடும்பத்துப் பழக்கம், பொம்மைக்குக் கண் கடைசியில்தான், விடிகாலை வெளிச்சத்தில்தான். வேறு எதுவும் சொல்லவில்லை.

அதிலிருந்து பெட்டியைத் திறக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: "ஒட்டினது நான், பூசினது நான் இல்லை." யாரும் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. 2020இல் வந்த விளையாட்டின் ஒன்பதாம் பதிப்பில், முழுக்க வண்ணம் பூசிய படைக்கு ஆட்டத்தின் நூறு வெற்றிப் புள்ளியில் 10 உண்டு என்று விதி வந்தது. யார் பூசினார் என்று அந்த விதி கேட்பதில்லை, எனவே அதைக் கூசாமல் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் போட்டிகளில் 'அழகான படை' என்று தனியாக ஓட்டுப் போடுவார்கள் இல்லையா, அதில் என் படையைச் சேர்க்கவேண்டாம் என்று நடத்துபவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவேன். அது பூசிய கைக்கான பரிசு.

"தானே பூசாத படை என்ன படை?" என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக் கொலுவில் இருப்பது பண்ருட்டியில் வாங்கிய பொம்மை. படி கட்டி, அடுக்கி, சுண்டல் கொடுத்து, "கொலு பிரமாதம்" என்று கேட்டுப் பூரிக்கிறார்கள். அதில் தப்பே இல்லை, பொம்மையை நான்தான் செய்தேன் என்று சொல்லாதவரை. நானும் என் படையை அடுக்குகிறேன், மேசையில் நகர்த்தி ஆடுகிறேன், பெரும்பாலும் தோற்கிறேன்.

நாலு வருஷத்தில் தேய்மானம் எப்படி? மேட் வார்னிஷ் நன்றாகவே தாங்குகிறது. அடிக்கடி தலையைப் பிடித்துத் தூக்கும் ஏழெட்டுப் பேருக்கு உச்சியில் மட்டும் பெயின்ட் போய் வெளிறியிருக்கிறது. உடம்பைப் பிடிக்காமல் அடித்தட்டைப் பிடித்துத் தூக்கப் பழகுங்கள். எஸ்.பி. ரோட்டில் வாங்கின சின்ன நியோடிமியம் காந்தங்களை அடியில் ஒட்டி, பெட்டிக்குள் இரும்புத் தகடு போட்டேன். அதற்கப்புறம் ஆட்டோ எவ்வளவு குழியில் இறங்கினாலும் யாரும் சாயவில்லை. அதற்கு முன் ஒரு வாள் முறிந்தது. ஃபெவிக்விக்கில் ஒட்டி, கையில் இருந்த வெள்ளியைப் பூசி மறைத்தேன். அடுத்த தடவை தம்பி பார்த்த உடனே அந்த ஒரு ஆளைத்தான் எடுத்தார். "கால் பண்ணியிருக்கலாமேண்ணா. பாக்குறவங்க இதையும் நான் பண்ணதா நினைப்பாங்க." முறிந்தால் இப்போது அவரிடமே போகிறது, வாளுக்கு 100 ரூபாய்.

இன்னொன்று: எந்தப் பெயின்ட், எந்த வரிசை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் படைக்கு அடியில் அவர்லேண்ட் சன்செட், பள்ளங்களில் கசாண்டோரா யெல்லோ, விளிம்பில் ஈரியல் யெல்லோ. இரண்டு வருஷம் கழித்து ஐந்து பேரைச் சேர்த்தபோது அந்தத் துண்டுச்சீட்டால்தான் பழைய ஆள் எது, புது ஆள் எது என்று தெரியாமல் கலந்தார்கள். அந்தக் குறிப்பு அவருடைய சரக்கு. வேறொருவரிடம் காட்டிக் குறைந்த விலைக்குப் பூசக் கேட்பது அயோக்கியத்தனம்.

அவர் பெயரை இங்கே போடட்டுமா என்று கேட்டேன். "இப்பவே ஏழு பேர் லைன்ல இருக்காங்க, விட்டுடுங்கண்ணா" என்றார். ஆட்டத்துக்கு வந்து நேரில் கேட்பவர்களுக்கு மட்டும் நம்பர் கொடுக்கிறேன், அதுவும் அவரைக் கேட்டுவிட்டு.

அடுத்த பத்து பேருக்கு முன்பணம் போட்டாயிற்று. ஆயுத பூஜை முடிந்ததும் எடுக்கிறேன் என்றிருக்கிறார். எட்டுப் பேரைச் சுரண்டி முடித்துவிட்டேன். இரண்டு பேருக்குத் தலைக்கவச உச்சியில் இன்னும் விரல் தட்டுகிறது, இன்று ராத்திரி பார்க்கவேண்டும்.