கார்த்திகை மழையைத் தாங்கும் பேட்டரி: டியூபுலரா, லித்தியமா?

போன ஐப்பசியில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. முன்பெல்லாம் விடியவிடிய ஃபிரிட்ஜ் ஓடும், அப்புறமும் சார்ஜ் மிச்சம் இருக்கும். எங்கள் வீடு கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம், மிளகுத் தோட்டத்துக்குள் இருக்கிறது. கரண்டு கம்பி இங்கே வரவில்லை, எல்லாமே சோலார்தான். கூரையில் 330 வாட் பேனல் எட்டு. உள்ளே 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, கொள்ளளவின் அளவு) டியூபுலர் பேட்டரி நான்கு, வரிசையாக இணைத்து 48 வோல்ட். டியூபுலர் என்பது அமிலம் நிரப்பிய ஈய பேட்டரி வகை. மறுநாள் காலை மூடிகளைத் திறந்து, அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிப் பார்த்தேன். இருபத்துநாலு செல்லில் பெரும்பாலானவை 1.200-ஐ ஒட்டி, ஏறக்குறைய பாதி சார்ஜில் நின்றன. மூன்றாவது பேட்டரியின் நடுவில் இருந்த ஒரு செல்லில் மட்டும் மிதவை எழும்பவே இல்லை, அடியிலேயே கிடந்தது; அந்தச் செல் செத்துவிட்டது.

அந்த ஒரு பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். போதாது. வரிசையில் இருக்கும் நான்குக்கும் ஒரே கரண்டுதான் பாய்கிறது. ஐந்து வருடம் உழைத்த மூன்றுக்கு நடுவில் புதிதாக ஒன்றை நுழைத்தால், யார் முன்னால் நிரம்புவது, யார் முன்னால் காலியாவது என்று நான்கும் ஒத்துப்போகாது. சீக்கிரமே புதியதும் பழையதோடு சேர்ந்து கெடும். மாற்றினால் மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும்.

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போட்டேன். மாலை ஆறு முதல் காலை எட்டு வரை ஃபிரிட்ஜ், விளக்கு, டிவி, வைஃபை எல்லாம் சேர்த்து இரண்டு யூனிட். இதில் பலரும் விட்டுவிடுவது இன்வெர்ட்டர் தானே தின்னும் கரண்டை. எங்களுடையது சும்மா இருக்கும்போதே 45 வாட் இழுக்கிறது. பதினாலு மணி நேரத்துக்கு 0.6 யூனிட். ஆக இரவுத் தேவை 2.6 யூனிட். நான்கு டியூபுலரின் மொத்தக் கொள்ளளவு 7.2 யூனிட், பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்றால் 3.6. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ஏன் ஐந்தே வருடத்தில் போனது?

இந்த மலையில் பேட்டரியைக் கொல்வது இரவு நேர உபயோகம் இல்லை, ஐப்பசி கார்த்திகை வானம். வெயில் நாளில் எட்டு பேனலும் சேர்ந்து பத்து யூனிட் வரை தரும். மூடுபனி இறங்கி நிற்கும் நாளில் ஒன்றரை யூனிட்கூட வராது. அப்படி நாலைந்து நாள் சேர்ந்து வந்தால் பேட்டரி பாதி சார்ஜிலேயே கிடக்கிறது. ஈய பேட்டரிக்கு இதுதான் விஷம். டிஸ்சார்ஜ் ஆகும்போது இரண்டு தட்டிலும் லெட் சல்ஃபேட் படிவது இயல்பு. உடனே முழுசாகச் சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். நாள்கணக்கில் விட்டுவிட்டால் இறுகிப் படிகமாகிவிடும், அதற்கப்புறம் கரைவதில்லை. அந்த அளவுக்குக் கொள்ளளவு போனது போனதுதான். போதாததற்கு, ஈய பேட்டரியில் கடைசி 20 சதவீதம் ஏற மூன்று நாலு மணி நேரம் ஆகும். பதினொன்றுக்கு விலகிய மேகம் ஒரு மணிக்குத் திரும்ப மூடும் ஊரில் அந்த மூன்று மணி நேரத்தை எங்கே தேடுவது?

கடையில் சொன்ன முதல் யோசனை, நான்குக்குப் பதில் எட்டாகப் போடுங்கள், இரண்டு வரிசை, பேக்கப் இரட்டிப்பாகும் என்பது. கேட்க நன்றாக இருந்தாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டு பேட்டரி என்றால் 14.4 யூனிட். மழை நாட்களில் பாதிவரை இறங்கிவிட்டால், திரும்ப நிரப்ப இழப்பையும் சேர்த்து ஒன்பது யூனிட் வேண்டும்; பகல் உபயோகம் தனி. எங்கள் பேனல்கள் முழு வெயிலில் தருவதே பத்து. பேனலைக் கூட்டாமல் ஈய பேட்டரியை மட்டும் கூட்டினால் அது நிரம்புகிற நாளே குறையும், நான்கு செத்த இடத்தில் எட்டு சாகும். எங்களைப்போல் கரண்டு இல்லாத இடத்தில் இருப்பவர்கள் இந்த ஒன்றையாவது வாங்குமுன் யோசிக்க வேண்டும்.

சரி, லித்தியம். சோலாருக்கு வாங்குவது லித்தியம் இரும்பு பாஸ்பேட், கடைகளில் எல்.எஃப்.பி. என்பார்கள். 2022 கோடையில் மின்ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகளைப் படித்து என் மனைவி பயந்தது நியாயம்தான். அத்தகைய வண்டிகளில் பரவலாக இருந்தது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை. எல்.எஃப்.பி.யில் ஆக்ஸிஜன் பாஸ்பேட்டோடு இறுகப் பிணைந்திருப்பதால் சூட்டில் அவ்வளவு எளிதில் வெளியேறாது. தீயே பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். படுக்கையறையில் வைக்கவும் மாட்டேன். ஆனால் டியூபுலரிலும் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வருகிறது, அமிலப் புகை வருகிறது, அடுப்படிக்குப் பக்கத்தில் அதையும் வைக்கக்கூடாது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. எல்.எஃப்.பி. பாதி சார்ஜில் ஒரு வாரம் கிடந்தாலும் ஒன்றும் ஆவதில்லை, சொல்லப்போனால் அதற்கு அதுதான் வசதி. 150 ஏ.எச். டியூபுலருக்கு 15 முதல் 30 ஆம்பியர் வரைதான் கொடுக்கலாம், 100 ஏ.எச். லித்தியம் 50 ஆம்பியரையும் அனாயாசமாக வாங்கிக்கொள்கிறது, அதுவும் கிட்டத்தட்ட நிரம்பும்வரை. இரண்டு மணி நேர வெயில் கிடைத்தால் இரண்டு மணி நேரமும் உள்ளே போகிறது. போட்டதில் 95 சதவீதம் அளவுக்குத் திரும்பியும் வருகிறது. ஈயத்தில் அது 80 சுற்றித்தான். வெயில் கஞ்சத்தனம் காட்டும் மாதத்தில் அந்த 15 சதவீதம் எங்களுக்கு ஃபிரிட்ஜ்.

விலைக்கு வருவோம். எனக்குக் கிடைத்த கொட்டேஷனில் நான்கு டியூபுலர், பழையதைக் கொடுத்தது போக, 56,000 ரூபாய். 51.2 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் ஒன்று 1,05,000. அதன் கொள்ளளவு 5.1 யூனிட், 80 சதவீதம் எடுத்தால் நாலு யூனிட்டுக்குச் சற்று மேல். சாதாரணக் கணக்கில் டியூபுலரை 1,500 முறை, லித்தியத்தை 4,000 முறை ஏற்றி இறக்கலாம் என்று வைத்தால் யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு எதிராக ஆறரை ரூபாய். இந்தக் கணக்கை நான் பெரிதாக நம்பவில்லை. 1,500 என்பது தினமும் முழுசாக நிரம்பும் பேட்டரிக்கு. இங்கே அப்படி நடக்காது. 4,000 என்றால் பதினோரு வருடம். அதற்குள், உள்ளே செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். போர்டு போனாலும் போகலாம். வாரண்டி எத்தனை வருடம், பழுதானால் மலையேறி யார் வருவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குவது அந்தச் சுழற்சிக் கணக்கைவிட முக்கியம்.

ஜெல் பேட்டரியையும் விசாரித்தேன். தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதைத் தவிர எனக்கு அதில் லாபம் தெரியவில்லை. ஈயத்தின் குணம் அப்படியே இருக்கிறது, ஓவர் சார்ஜைத் தாங்குவதும் குறைவு. லித்தியத்திலேயே 280 ஏ.எச். தனி செல்கள் பதினாறை வாங்கி நாமே கோத்தால் 14 யூனிட் பேங்க் கிடைக்கும். முதலில் எல்லாச் செல்லையும் 3.65 வோல்ட்டுக்குச் சமன்படுத்த வேண்டும், பி.எம்.எஸ். தனியாகப் பார்த்து வாங்க வேண்டும், செல்லின் தரத்தைச் சோதிக்கத் தெரியவேண்டும். மல்டிமீட்டர் கையில் பழகியவர்கள் தாராளமாக இறங்கலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் செல்களை இணைக்கும் உலோகப் பட்டை (பஸ்பார்) திறந்தபடி அதை வைக்க எனக்கு மனமில்லை.

கடைசியில் லித்தியத்தையே வாங்கினேன். எடையையும் சொல்ல வேண்டும். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு ஒற்றையடிப் பாதை. டியூபுலர் ஒன்று ஐம்பது கிலோவுக்கு மேல், அமிலம் சிந்தாமல் நிமிர்த்தியே தூக்க வேண்டும். நான்குக்கு நான்கு நடை. லித்தியத்தை இரண்டு பேர் ஒரே நடையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

மாட்டியதோடு வேலை முடியவில்லை. மாட்ட வந்தவர் இன்வெர்ட்டரில் டியூபுலர் செட்டிங்கை மாற்றாமல் போய்விட்டார். மூன்றாம் நாள் உச்சி வெயிலில், சார்ஜ் 58 வோல்ட்டைத் தாண்டியபோது ஒரு செல் முந்திக்கொண்டு நிரம்ப, பி.எம்.எஸ். சட்டென்று இணைப்பைத் துண்டித்தது. வீடே நின்றுபோனது. இப்போது சார்ஜ் வோல்ட்டேஜ் 56, ஃப்ளோட் (நிரம்பியபின் பிடித்து வைக்கும் வோல்ட்) 54, ஈக்வலைசேஷன் (ஈய செல்களைச் சமன்படுத்தக் கொடுக்கும் கூடுதல் சார்ஜ்) அடியோடு இல்லை, வெப்ப ஈடுகட்டலும் (சூட்டுக்கேற்ப வோல்ட்டை மாற்றுவது) இல்லை, கீழ் எல்லை 48. உங்கள் பழைய இன்வெர்ட்டரிலோ சார்ஜ் கண்ட்ரோலரிலோ இவற்றை மாற்ற வழியில்லை என்றால், புதிதாக வாங்க வேண்டிய அதன் விலையையும் லித்தியத்தின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். லித்தியத்தில் ஷார்ட் ஆனால் பாயும் கரண்டு மிக அதிகம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே டி.சி.க்கான தரமான ஃப்யூஸ் வேண்டும், வீட்டு ஏ.சி. லைனுக்கான எம்.சி.பி. சுவிட்சை வைத்து ஒப்பேற்றக்கூடாது.

வோல்ட்டைப் பார்த்துச் சார்ஜ் சொல்லும் பழக்கத்தையும் விடவேண்டியிருந்தது. டியூபுலரில் 48.5 என்றால் பாதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். லித்தியம் 80-லிருந்து 30 சதவீதம் வரை இறங்கினாலும் ஒரு வோல்ட் சொச்சம்தான் மாறும், அப்புறம் திடீரென்று சரியும். இன்வெர்ட்டரில் தெரியும் கட்டங்களை நம்பாமல் பி.எம்.எஸ். காட்டும் சதவீதத்தைத்தான் பார்க்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் போன மாதம் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, நானும் இதையே போட்டுடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் மதுரையில் இருக்கிறார், சனி ஞாயிறு மட்டும்தான் வருவார். ஐந்து நாள் ஆளில்லாத வீட்டில் பேனல் பேட்டரியை நிரப்பி ஃப்ளோட்டிலேயே வைத்திருக்கும். ஈய பேட்டரிக்கு அதைவிட நல்ல வாழ்க்கை இல்லை; லித்தியத்துக்கோ எப்போதும் முழுசாக இருப்பது அவ்வளவு நல்லதில்லை. மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் பார்த்து, முனையில் வாசலின் தடவினால் அவருக்கு டியூபுலர் பல வருடம் வரும். கம்பிக் கரண்டு இருந்து, எப்போதாவது இரண்டு மணி நேரம் போகிற ஊர்க்காரர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

இந்தக் கார்த்திகையில் ஒன்பது நாள் தொடர்ந்து மூடியிருந்தது. ஆறாம் நாள் பேட்டரி 22 சதவீதத்துக்கு வந்தது. சின்ன ஜெனரேட்டரை இரண்டு மணி நேரம் ஓட்டினேன், 60-ஐத் தாண்டியது. டியூபுலராக இருந்திருந்தால், போட்டதில் வீணாவது அதிகம் என்பதால், இதே ஏற்றத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் எரித்திருப்பேன். அடுத்து நான்கு பேனல் கூடுதலாகப் போடப் போகிறேன், கிழக்கே மிளகுக்கொடி ஏறிய முருங்கையைக் கொஞ்சம் கழித்துவிட்டு.